சதுர அடைப்புக்குறியும் நோட்பேட்++உம்

மடிக்கணினி பழுதுபார்த்து வந்ததும் முதல் வேலையாக நோட்பேட்++ என்ற இலவச உரைத்திருத்தியை ஏற்றினேன். பார்த்துக்கொண்டிருந்த நண்பர், "இன்னுமா இதைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்றார். அவருக்குத்தான் இந்தப் பதில்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்கள் பேசுவதைப் பதிவுசெய்து தட்டச்சு செய்கிறேன். சந்தேகம் வந்தால் சதுர அடைப்புக்குறிக்குள் குறிப்பு எழுதிவிடுவேன். மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அறுபத்தொன்றில் தொடங்கினார் என்பார் ஒரு தாத்தா. பக்கத்தில் [1960, சரிபார்க்க] என்று போடுவேன். அச்சுக்குப் போகும்முன் இந்த மாதிரிக் குறிப்பு ஒன்றுகூட உள்ளே தங்கிவிடக் கூடாது.

தேடல் பெட்டியில் 'மார்க்' பக்கம் போய், ரெகுலர் எக்ஸ்பிரஷனை (சுருக்கமாக ரெஜெக்ஸ்; சொல்லுக்குப் பதில் அதன் வடிவத்தைக் கொடுத்துத் தேடும் முறை) தேர்ந்து, \[.*?\] என்று கொடுத்து 'மார்க் ஆல்' அழுத்தினால் குறிப்புகள் எல்லாம் வண்ணம் பூசி நிற்கும். அந்தக் கேள்விக்குறியை விட்டால் போச்சு: வரியின் முதல் திறப்பிலிருந்து கடைசி மூடல் வரை ஒரே பூச்சு. நான் இப்போது வைத்திருப்பது \[[^\]]*\]. மூடும் குறியைத் தவிர எது வந்தாலும் விழுங்கு என்று பொருள். இரண்டு வரிக்கு நீளும் குறிப்பும் இதில் தப்பாது.

எதிர்பாராத லாபம் இங்கேதான். எங்காவது மூட மறந்திருந்தால், அடுத்த மூடும் குறி வரும்வரை பத்தி பத்தியாக வண்ணம் ஓடும். கங்காணி கதை, பால்மரம், லயத்துச் சண்டை எல்லாம் ஒரே பூச்சில். மேலே போய்ப் பார்த்தால் குற்றவாளி அங்கே இருப்பார். இதற்காகவே கோப்பு முழுவதும் இந்தத் தேடலை ஒருதரம் ஓட்டிவிடுகிறேன்.

தமிழுக்கும் இது ஒத்துவரும். 'கி' நம் கண்ணுக்கு ஓரெழுத்து, கணினிக்கு இரண்டு குறி. விஎஸ் கோட் என்ற இன்னொரு திருத்தியில், திறந்த கோப்புக்குள் ரெஜெக்ஸ் தேடலில் 'சொல்லெழுத்து' (\w) என்று கேட்டால் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரும். அடைப்புக்குறிக்கு அந்த வம்பே இல்லை, உள்ளே எந்த மொழி இருந்தால் அதற்கென்ன? அடைப்புக்குள் அடைப்பு வந்தால் மட்டும் முதல் மூடலில் நின்றுவிடும். அதனால் அப்படி எழுதுவதையே விட்டுவிட்டேன்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். பூசிய வண்ணம் அப்போதைக்கு மட்டும்தான். புதிதாக ஒரு குறிப்பு எழுதினால் அது வெறுமையாக நிற்கும். திரும்ப 'மார்க் ஆல்' அழுத்த வேண்டும். கோப்பை மூடித் திறந்தால் எல்லாம் மாயம். பயனரே மொழி வரையறுக்கும் வசதியில் திறப்பு, மூடல் குறிகளைக் கொடுத்தால் வண்ணம் நிலைக்கும், ஆனால் அங்கே ரெஜெக்ஸ் செல்லாது. விம் என்ற பழைய திருத்தியில் இதையே செய்தால் தட்டத் தட்ட வண்ணம் தானாக மாறுகிறது. 2003 முதல் வரும் மென்பொருள், இதற்கு ஒரு டிக் பெட்டி வைக்க இன்னுமா நேரம் வரவில்லை? காசு வாங்காமல் கொடுப்பதைத் திட்டுவது நியாயமில்லை, தெரியும். ஆனாலும் நேற்று நூற்றுக்கணக்கான பக்கமுள்ள கோப்பைத் தெரியாமல் மூடிவிட்டு மறுபடி பூசியவன் நான்.

ஆகவே அண்ணே, உங்களுக்கு நோட்பேட்++ஐப் பரிந்துரைக்க மாட்டேன். விம் போட்டுக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொண்டால் கூப்பிடுங்கள், நான் நோட்பேட்++இல்தான் இருப்பேன்.