தட்டு வெட்டும் மிஷினுக்குத் துணி பெல்ட்டா, பல் பெல்ட்டா?

மாட்டுக்குச் சோளத்தட்டு, ராகித்தாள் நறுக்கும் மிஷின் இது. 2 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், அதில் 3 அங்குலப் புல்லி, மிஷின் சக்கரத்தில் 12 அங்குலப் புல்லி, நடுவில் ஒரே ஒரு பி 60 பெல்ட் (பி என்பது அகல அளவு, 60 என்பது அங்குல நீளம்). சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நாலைந்து மாட்டு வீட்டுக்கு இந்த அமைப்பே போதும். கீழே உள்ள கணக்கெல்லாம் இதற்குத்தான். 5 எச்பி, இரட்டைப் பெல்ட் மிஷினுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெல்ட் போய்விட்டால் கையில் கிடைப்பது இரண்டு வகை. துணி பெல்ட் என்பது சுற்றிலும் ரப்பர் தோய்த்த துணி ஒட்டியது. பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று எந்த ஊர் மோட்டார் கடையிலும் கேட்டு வாங்கலாம். பல் பெல்ட்டுக்குப் பக்கவாட்டில் துணி இருக்காது, வெறும் ரப்பர்; அடியில் வரிசையாகப் பல் வெட்டியிருக்கும். மேலே பிஎக்ஸ் 60 என்று அச்சிட்டிருப்பார்கள். இதற்குப் பேரிங் கடைக்குப் போக வேண்டும், விலையும் கூடுதல். இரண்டும் 17 மி.மீ. மேலகலம்தான், புல்லியின் ஒரே காடியில் (பள்ளத்தில்) உட்காரும். டைமிங் பெல்ட்டை நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது வேறு சாமான்.

நான் பல் பெல்ட் பக்கம். காரணம் அந்த 3 அங்குலப் புல்லி.

பி அளவுத் துணி பெல்ட்டுக்குச் சின்னப் புல்லி குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. நம்மிடம் இருப்பது 3. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும்போது, 60 அங்குலப் பெல்ட்டின் ஒவ்வொரு இடமும் அந்தச் சின்னப் புல்லியில் நிமிடத்துக்குச் சுமார் 220 தடவை மடங்கி நிமிர்கிறது. தடித்த அடிப்பாகம் ஒவ்வொரு மடிப்பிலும் நசுங்கிச் சூடாகும். வெட்டி முடித்து மெயினை அணைத்து, சக்கரம் முழுக்க நின்ற கையோடு தொட்டுப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி சுட்டால் அது இந்தச் சூடுதான். சூட்டில் ரப்பர் இறுகும், துணி வழுவழுப்பாகும், பெல்ட் வழுக்கி இன்னும் சுடும். பல் பெல்ட்டில் அந்த அடிப்பாகம் இடைவிட்டு வெட்டி எடுக்கப்பட்டிருப்பதால் சுலபமாக வளையும், சூடும் குறைவு.

செலவு வைப்பது பெல்ட் அல்ல, அடுத்து நடப்பதுதான். வழுக்குகிறது என்று மோட்டாரைப் பின்னால் இழுத்து இறுக்குவோம். பத்து நாளில் மறுபடி தளரும், மறுபடி இறுக்குவோம். ஒரு கட்டத்தில் இழுவை முழுக்க மோட்டாரின் புல்லிப் பக்கப் பேரிங்கில் விழும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். கவனிக்காமல் ஓட்டினால் உள்ளே சுழலும் ரோட்டார் உரசி, மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுற்று) கட்டும் செலவு வரை போகும். பல் பெல்ட் பக்கவாட்டு ரப்பரால் பிடிப்பதால், அளவான இறுக்கத்திலேயே இழுக்கும். இரண்டு பெல்ட்டின் விலை வித்தியாசத்தை ஒரு பேரிங் மாற்றும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மோட்டார் புல்லியை மட்டும் 5 அங்குலமாக்கினால் தீராதா என்றால், மிஷின் சக்கரம் 360 சுற்றிலிருந்து 600-க்கு ஏறிவிடும். கத்தி போல்ட்டு அந்த வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. அந்த வேலையே வேண்டாம்.

துணி பெல்ட்டுக்கு நியாயமான ஒரு வாதம் உண்டு. சோளத்தட்டுக் கட்டில் அவிழ்க்காமல் விட்ட கயிறு ரோலரில் சுற்றி மிஷின் இறுகினால், துணி பெல்ட் கீச்சென்று கத்தி வழுக்கும், மோட்டார் தப்பிக்கும். பல் பெல்ட் அவ்வளவு சீக்கிரம் விடாது, மோட்டார் முக்கி நிற்கும். ஆகவே சுமை மீறினால் கரண்டைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே உள்ள ஸ்டார்ட்டர் இருந்து, அது மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்கு வைக்கப்பட்டிருந்தால் மட்டும் பல் பெல்ட். வெறும் சுவிட்சில் ஓடும் மிஷினுக்கும், சாயங்காலம் வோல்டேஜ் விழும் ஊருக்கும், முதலில் ஸ்டார்ட்டர், பிறகு பெல்ட்.

மாற்றும் வேலை இரண்டுக்கும் ஒன்றே, அரை மணி நேரம் ஆகும். மெயின் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். புல்லியைக் கையால் சுற்றினாலும் கத்தி சுற்றும், சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை முட்டுக்கொடுங்கள். மோட்டாரின் நாலு போல்ட்டைத் தளர்த்தி மிஷின் பக்கம் நன்றாகத் தள்ளினால் பழைய பெல்ட் தானாகக் கழன்று வரும். எண் அழிந்திருந்தால் வெளிச்சுற்றை நூலால் அளந்து 3 அங்குலம் கழித்தால் பி பெல்ட்டின் எண் வரும். பழசு நீண்டிருக்கும், கொஞ்சம் கூட வந்தால் கீழ் எண்ணைப் பாருங்கள்.

புதுசைப் போடுமுன் காடியைப் பாருங்கள். பக்கச் சுவர் கரண்டி மாதிரிக் குழிந்திருந்தாலோ, அடி பளபளத்தாலோ புல்லியே தேய்ந்துவிட்டது. பெல்ட் காடியின் அடியைத் தொடக்கூடாது, பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். பி காடியில் அதைவிட ஒல்லியான ஏ பெல்ட்டைப் போட்டாலும் இதே கோளாறுதான். வழுக்குகிறதே என்று முன்பு தடவிய குங்கிலியம் ராகித்தாள் தூசியோடு சேர்ந்து கல்லாக ஒட்டியிருந்தால் சுரண்டி, காய்ந்த துணியால் துடையுங்கள். பல் பெல்ட்டுக்குக் குங்கிலியமும் வேண்டாம், சோப்பும் வேண்டாம்.

பெல்ட்டைக் கையால்தான் மாட்ட வேண்டும். கடப்பாரையோ ஸ்குரூ டிரைவரோ கொடுத்து நெம்பினால் உள்ளே இருக்கும் நூல் ஒரு பக்கம் அறும். வெளியே ஒன்றும் தெரியாது, ஓட்டும்போது பெல்ட் புரண்டு விழும். இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரே நூலைப் பிடித்தால் நாலு இடத்திலும் தொட வேண்டும் (இரண்டு புல்லிக்கும் விளிம்புத் தடிமன் வேறாக இருந்தால் காடியின் நடுவை வைத்துப் பாருங்கள்). பல் பெல்ட்டுக்கு இந்த நேர்கோடு முக்கியம், கோணலாக ஓடினால் ஒரு பக்க ரப்பர் பொடிப்பொடியாக உதிரும்.

இறுக்கத்துக்கு அளவு, 100 மி.மீ. நீளத்துக்கு 1.6 மி.மீ. தாழ்வு. இந்த மிஷினில் புல்லிகளுக்கு நடுவே பெல்ட் சுமார் 460 மி.மீ. வரும், கட்டை விரலால் அழுத்தினால் 7 மி.மீ. இறங்கினால் சரி. முதல் அரை மணி ஓடிய பிறகு ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை திரும்பப் பாருங்கள். புது பெல்ட் காடியில் படிந்து தளர்வது சகஜம். அதன் பிறகும் அடிக்கடி தளர்ந்தால் பெல்ட்டைக் குறை சொல்லாமல் மோட்டார் பலகையின் போல்ட்டைப் பாருங்கள்.

ஒரு மாடு, வாரத்துக்கு நாலு கட்டு என்றால் துணி பெல்ட்டே போடலாம். அது சூடேறும் முன் வேலை முடிந்துவிடும். தினமும் கம்பு நேப்பியர் புல்லின் ஈரத்தண்டை அரை மணிக்கு மேல் வெட்டும் வீட்டுக்குத்தான் பல் பெல்ட். உபரிப் பெல்ட்டை ஆணியில் மாட்டாமல், வளையமாகவே அட்டைப்பெட்டியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆணியில் தொங்கியது அந்த இடத்தில் மடிப்பு விழுந்து, ஓட்டும்போது டக் டக்கென்று அடிக்கும்.