‘ரிங் பிளாஷ்’ என்று எல்இடி வளையத்தை விற்கிறார்கள், கவனம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பூச்சி, பூ என்று நெருக்கமாகப் படம் எடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். லென்ஸின் முன்னால் மாட்டும் வட்ட விளக்கு ஒன்றை, பெட்டியிலேயே ‘மேக்ரோ ரிங் பிளாஷ்’ என்று அச்சடித்து விற்கிறார்கள். அது பிளாஷே இல்லை. சின்னச் சின்ன எல்இடி மணிகளை வட்டமாகப் பதித்த சாதாரண விளக்கு. என்னிடம் 189 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதைக் கடையில் தெளிவாகவே சொன்னேன். செம்பனை (எண்ணெய்ப் பனை) பூவில் ஊரும் மூக்கு வண்டைப் படமெடுக்க வேண்டும். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரு இடத்தில் நிற்காது. மரத்தடியில் வெளிச்சம் குறைவு, கேமராவைக் கையில் பிடித்துத்தான் எடுப்பேன். “அண்ணே, கல்யாணத்துல மோதிரம் எடுக்க நானே இதைத்தான் வச்சிருக்கேன்” என்றார் கடைக்காரர். மோதிரம் அசையாது, வண்டு ஓடுமே என்றேன். “இது பிளாஷ்ண்ணே, எல்லாத்தையும் பிடிச்சிடும்.”

அந்த வண்டு மகரந்தச் சேர்க்கைக்காக 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு நம் தோட்டங்களில் விடப்பட்டது. அதற்கு முன்பு பல தோட்டங்களில் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து, பெண் பூக்குலைகளில் ஆட்கள்தான் தூவினார்கள். என் அம்மாவும் அந்த வேலை செய்தவர். மட்டை முள் கீறிய கையோடுதான் வீட்டுக்கு வருவார். அந்த வேலையை எடுத்துக்கொண்ட பூச்சியின் முகத்தைத் தெளிவாக ஒரு படம் எடுத்து அவருக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. விளக்கு வாங்கியது அதற்காகத்தான்.

கடையில் அவர் தன் கேமராவில் மாட்டி ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டினார். திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. ஓரத்தில் ஐஎஸ்ஓ 6400 என்று தெரிந்தது. குறைந்த வெளிச்சத்திலும் படம் பிரகாசமாக வர ஏற்றி வைக்கும் கேமரா அமைப்புதான் ஐஎஸ்ஓ. கேட்டேன். “அது ஆட்டோ, பிளாஷ் போட்டா அப்படித்தான் காட்டும்” என்றார். இது பச்சைப் பொய். வேண்டிய வெளிச்சத்தைப் பிளாஷ் கொடுத்துவிட்டால் ஐஎஸ்ஓவை அவ்வளவு ஏற்ற வேண்டிய தேவையே வராது.

தோட்டத்தில் உண்மை தெரிந்துவிட்டது. வண்டு அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும் அளவுக்கு நெருங்கினால், உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். லென்ஸின் துளையை எஃப் 11 என்று சிறிதாக்கி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும், ஆகவே துளையைப் பெரிதாகத் திறக்கவும் முடியாது. மிஞ்சுவது ஷட்டர் ஒன்றுதான். அந்த வளையத்தின் வெளிச்சத்துக்கு ஷட்டரை மெதுவாக்கினால் கை ஆட்டமும் வண்டின் ஓட்டமும் சேர்ந்து படம் குழம்புகிறது. போதாததற்கு, வண்டின் பளபள முதுகில் எல்இடி வட்டம் அப்படியே புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கிறது.

உண்மையான பிளாஷில் செனான் வாயு நிரப்பிய குழாய் இருக்கும். கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே அடியில் கொட்டும். சக்தியைக் குறைத்து வைத்தால் அந்த மின்னல் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும், அதனால்தான் ஓடும் பூச்சியும் உறைந்து நிற்கிறது. எனக்கு விற்ற வளையத்தின் ‘பிளாஷ் மோட்’ ஷட்டர் திறக்கும் நேரத்தில் கொஞ்சம் பிரகாசமாக எரிகிறது, அவ்வளவுதான். ஆடாமல் இருக்கும் பொருளை, முக்காலி வைத்து வீட்டுக்குள் எடுக்க எல்இடி நல்ல விளக்குதான். தபால் தலை, நகை, பழைய காசு எடுக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை எல்இடி என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். உங்கள் கேமராவைக் கொண்டு போங்கள். மேனுவலில் ஷட்டர் விநாடியில் இருநூறில் ஒன்று, எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஒரு பத்துக் காசை நெருங்கி எடுங்கள். விளக்கு இல்லாமல் படம் கிட்டத்தட்ட கறுப்பாக இருக்கும். பிளாஷ் என்றால் காசு பளிச்சென்று வரும், எல்இடி என்றால் இருட்டிலேயே கிடக்கும். அவர்கள் ஐஎஸ்ஓவை ஏற்றச் சொன்னால் ஏற்றாதீர்கள். முகப்பையும் பாருங்கள். மஞ்சள் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் எல்இடி.

குறைந்த செலவில் வேண்டுமென்றால் வளையத்தையே விட்டுவிடுங்கள். கேமராவின் தலையில் மாட்டும் மேனுவல் பிளாஷ் போதும். நான் இப்போது வைத்திருப்பது கோடாக்ஸ் டிடி600, நான்கு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. காலிப் பால் பெட்டியை வெட்டி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, வாயில் கேக் சுடும் தாளை இரண்டு அடுக்காகக் கட்டி, வெளிச்சம் லென்ஸின் நுனிக்கு மேலிருந்து விழும்படி வைத்தேன். பூச்சிக்கு அருகே எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வெளிச்சம் வருகிறதோ அவ்வளவு மென்மையாக இருக்கும். பழைய பிளாஷ் யாராவது சும்மா கொடுத்தால் உடனே டிஜிட்டல் கேமராவில் மாட்ட வேண்டாம். அந்தக் காலத்து மாடல் சிலவற்றில் கேமராவோடு இணையும் அடிப்பகுதியிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் வரும், கேமரா போய்விடும்.

சரி, பணத்துக்கு வருவோம். திருப்பிக் கொடுக்கப் போனால் சுவரில் ஒட்டியிருந்த ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ தாளைக் காட்டினார்கள். வாரண்டி அட்டையில் முகவரியே இல்லை. வேறு வாடிக்கையாளர்கள் முன்னால், “உங்களுக்குத்தான் எடுக்கத் தெரியல” என்றும் சொன்னார்கள்.

அந்தத் தாளுக்குப் பயப்பட வேண்டாம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் அதன் விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும். சுவரில் ஒட்டிய தாளால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி முதலாம் பாரத்தைக் கொடுத்தால் போதும், வக்கீல் தேவையில்லை, இணையம் வழியாகவும் அனுப்பலாம். நானும் ரசீது, பெட்டியின் படம், ஒரே அமைப்பில் எடுத்த இரண்டு காசுப் படங்கள் எல்லாம் வைத்துக் கொடுத்துவிட்டேன். கடைக்கு நோட்டீஸ் போனதும் போன் வந்தது, பாதிப் பணம் தருகிறார்களாம். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன், விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். இதே மாதிரிப் பெட்டியை வாங்கி ஏமாந்தவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வாங்கி மூன்று வருடம் தாண்டாமல் இருந்தால் நீங்களும் மனு கொடுக்கலாம், பாரம் நிரப்ப நான் உதவுகிறேன்.