30 செ.மீ. உலக உருண்டை: நூல் பிடித்து அளந்து பார்த்தபின்

மகளுக்கு இப்போது அட்சரேகைப் பாடம் நடக்கிறது. புத்தகப் படத்தில் ஐந்து முக்கியக் கோடுகளும் ஒரே நீளத்தில் நேராகக் கிடக்கின்றன, அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அதனால் 1,450 ரூபாய் கொடுத்து இந்த உலக உருண்டையை வாங்கினேன். இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறது. வாங்கலாம். ஆனால் நிலநடுக்கோட்டில் ஒரு பெரிய குறை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வந்த அன்றே தையல் நூலைச் சுற்றி அளந்தோம். நிலநடுக்கோட்டுக்கு 94 செ.மீ. நூல் பிடித்தது, கடக ரேகைக்கு 86, அறுபதாவது பாகைக்குச் சரிபாதியாக 47, ஆர்க்டிக் வட்டத்துக்கு வெறும் 37. சுவரில் மாட்டும் வரைபடத்தில் இதை எப்படிக் காட்டுவது?

அப்புறம் விரலால் கடக ரேகையைப் பிடித்துக்கொண்டு போனோம். மெக்ஸிகோவில் தொடங்கி அட்லாண்டிக்கைத் தாண்டினால் மேற்கு சகாரா, மாலி, அல்ஜீரியா, லிபியா, எகிப்து, சவூதி, ஓமான் என்று ஓயாமல் பாலைவனம்தான். நிலநடுக்கோட்டருகே சூடாகி எழும் காற்று மழையை அங்கேயே கொட்டிவிட்டு, 30 பாகைப் பக்கம் வறண்டு கீழே இறங்குகிறது, அதனால் வந்த வறட்சி இது. தெற்கே மகர ரேகையிலும் அதே கதைதான்: அட்டகாமா, நமீப், கலகாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி. ஆனால் கடக ரேகை குஜராத்தில் நுழைந்து மிசோரம் வரை எட்டு மாநிலங்களைக் கடக்கும்போது நிறம் பச்சையாக மாறுவதைப் பார்த்து "ஏன்?" என்று அவளாகவே கேட்டாள். பருவமழையை விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

நிலநடுக்கோடு, கடக ரேகை, மகர ரேகை மூன்றும் கடக்கும் ஒரே கண்டம் ஆப்பிரிக்கா என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். ஆசியாவின் பெருநிலத்தை நிலநடுக்கோடு தொடவே இல்லை, சுமத்ரா, போர்னியோ, சுலவேசி என்று தீவுகளைத்தான் வெட்டிப் போகிறது என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

தாங்கியின் சாய்வைப் பாகைமானி வைத்துப் பார்த்தேன், 23.5 பாகை, சரியாக இருக்கிறது. உருண்டை தடையில்லாமல் சுற்றுகிறது. தென்துருவத்தைத் திருகு மறைக்கிறது, அது பரவாயில்லை.

இனி குறை. இரண்டு அரைக்கோளங்களை ஒட்டித்தான் உருண்டை செய்கிறார்கள், அந்த ஒட்டு சரியாக நிலநடுக்கோட்டில் வருகிறது, அதன்மேல் 4 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை. இந்த அளவு உருண்டையில் 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 42 கிலோமீட்டர். அதாவது பட்டைக்கு அடியில் கோட்டின் இருபுறமும் 85 கிலோமீட்டர் உலகம் போய்விட்டது! கோட்டை ஒட்டியிருக்கும் கீட்டோ, லிப்ரவில், கம்பாலா, பொன்டியானாக் ஆகிய ஊர்கள் எதற்கும் புள்ளி தெரியவில்லை. சாவோ டோமே தீவு முழுவதுமே காணோம். எந்தக் கோட்டுக்காக வாங்கினோமோ அதிலேயே ஊர்கள் இல்லை என்றால் கோபம் வராதா? விற்றவரிடம் கேட்டேன், எல்லாமே இப்படித்தான் வரும் என்று முடித்துவிட்டார். பெயரையாவது கொஞ்சம் தள்ளி அச்சிட்டு ஒரு சிறு கோடு இழுத்திருக்கலாம், பெரிய வேலை இல்லை. நாங்கள் நுனி மெல்லிய பேனாவால் பட்டையின் மேலேயே புள்ளி வைத்து எழுதிக்கொண்டோம்.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். நீங்கள் வாங்கப் போனால் கடையிலேயே ஆப்பிரிக்காவைத் திருப்பி, விக்டோரியா ஏரிக்கு வடக்கே கம்பாலா கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.