குழந்தை வரும் முன்பே வாங்கிய குடும்பக் கார்: 6 ஆண்டு அனுபவம்

இந்தக் காரை வாங்கியபோது வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். இப்போது மூத்தவளுக்கு 5 வயது, சின்னவனுக்கு 2. கார் 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குழந்தை பிறப்பதற்கு முன்பே கார் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். அந்தச் சமயத்தில் நாம் முன் சீட்டில் உட்கார்ந்துதான் காரைப் பார்ப்போம். பார்க்க வேண்டியது பின் சீட்டையும் பின் கதவையும்.

நாங்கள் முதலில் விரும்பியது ஒரு செடான். ஓட்டிப் பார்த்தோம், பிடித்திருந்தது. டிக்கியும் பெரிது. முன்பணம் கட்டலாம் என்றிருந்தபோது, கைக்குழந்தை வைத்திருந்த நண்பர் ஒருவர், "எங்க சீட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க" என்றார். குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காரும் வகை இருக்கை அது. எனக்குப் பின்னால் வைத்தபோது என்னால் ஸ்டீயரிங் பிடித்து ஒழுங்காக உட்கார முடியவில்லை. இடம் மாற்றி வைத்ததும் மனைவியின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. கூரை பின்பக்கமாகச் சரிந்து இறங்குவதால், வெறும் இருக்கையை உள்ளே நுழைக்கவே முதுகை வளைத்து, இருக்கையைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. மழையில், அழுகிற குழந்தையோடு, ஒரு நாளைக்கு நாலு தடவை இதைச் செய்வதை நினைத்துப் பார்த்தோம். அந்தக் கார் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டோம்.

பின்னோக்கிய இருக்கை சில மாதத்துச் சமாச்சாரம்தானே என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு. கழுத்தோ இன்னும் உறுதிப்படவில்லை. முன்னால் மோதும்போது, முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடலைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், கனமான தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்து இருக்கையில் அழுந்தும். ஆர்129 என்ற ஐ.நா. விதி குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் உட்கார வேண்டும் என்கிறது. அதற்கு மேலும் நீடிப்பது நல்லது. இந்த வகையில் 105 சென்டிமீட்டர் உயரம் வரை தாங்கும் இருக்கைகள் கிடைக்கின்றன. மூத்தவளை 4 வயது நெருங்கும்வரை அப்படியே வைத்திருந்தோம். ஆக, அந்த முழங்கால் இடம் நமக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும்.

கடைசியில் வாங்கியது உயரமான கூரை உள்ள ஹேட்ச்பேக். பின் கதவு கிட்டத்தட்ட செங்கோணத்துக்குத் திறக்கும், சீட் என் இடுப்பு உயரத்தில் இருக்கும். இந்த இரண்டும் எங்கள் முதுகைக் காப்பாற்றின, அதிலும் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில். நெருக்கமான பார்க்கிங்கில் மட்டும் அகலத் திறக்கும் கதவால் பயனில்லை. பக்கவாட்டில் நகரும் கதவு உள்ள வண்டிகளைப் பார்த்தால் அப்போதெல்லாம் ஏக்கமாக இருக்கும்.

குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றன என்று விற்பனையாளர் சொன்னார். எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று நாங்கள் கேட்கவில்லை. மெத்தைக்கும் முதுகுப்பகுதிக்கும் நடுவே புதைந்து கிடந்தன. முதல் தடவை மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது, விரல் தோலும் உரிந்தது. வாங்கும் முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். குழந்தை இருக்கைக்கு முன்பக்கத் தாங்குகால் இருந்தால், அது ஊன்றும் தரைக்கு அடியில் பெட்டி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் மூடி மோதலின் விசையைத் தாங்காமல் போகலாம். அப்படிப்பட்ட வண்டிகளில் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று காரின் கையேட்டில் எழுதியிருப்பார்கள். முன் சீட்டில் ஏர்பேக் அணைக்கப்படாத நிலையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் உயிரையே பறித்துவிடும்.

டிக்கியை லிட்டர் கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த எண் எங்களுக்கு உதவவில்லை. மடித்த தள்ளுவண்டி படுத்த நிலையில் உள்ளே போகிறதா, அதன் மேல் இரண்டு பைகள் வைக்க இடம் மிஞ்சுகிறதா என்பதே கேள்வி. எங்களுடையதில் சக்கரம் ஒன்றைக் கழற்றினால்தான் மூடி மூடும். தினமும் கழற்றி மாட்டிப் பழகிவிட்டது, ஆனாலும் கடையிலேயே பார்த்திருக்கலாம்.

எஞ்சின் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வழக்கமான சர்வீஸ், ஒரு தடவை டயர், ஒரு தடவை பேட்டரி. வேறு பெரிய செலவு வரவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று ஜன்னல். எங்கள் காரில் கண்ணாடியின் கீழ்விளிம்பு பின்பக்கமாக ஏறிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்க்க அழகு. உள்ளே குழந்தைக்குத் தெரிவது கதவுதான். மூன்று வயதில் முன்னால் திரும்பி உட்கார ஆசைப்பட்டவள், திரும்பிய பிறகும் வெளியே பார்க்க முடியாமல் வளைவான சாலைகளில் வாந்தி எடுத்தாள். உடல் அசைவதைக் காது உணர்கிறது, கண்ணுக்கு அசையாத கதவு மட்டும் தெரிகிறது. அந்த முரண்பாடுதான் குமட்டல். உயரமான பூஸ்டர், அதாவது குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை, வாங்கிய பிறகு வெகுவாகக் குறைந்தது. பின் சீட்டில் நீங்களே குழந்தையின் கண் உயரத்துக்குத் தாழ்ந்து உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். பின்பக்க ஏசி காற்று அங்கே வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது குழந்தை வந்ததும்தான் அகலம் என்ற விஷயமே புரிந்தது. இரண்டு பக்கமும் குழந்தை இருக்கைகள் மாட்டினால் நடுவில் மிஞ்சுவது பெரியவர் ஒருவர் தோளைக் குறுக்கி உட்காரும் இடம். நடு பெல்ட்டின் கொக்கியும் இருக்கைக்கு அடியில் மறைந்துவிடுகிறது. அம்மா கூட வரும் நாட்களில் அதைத் தேடி மாட்டவே ஐந்து நிமிடம் போகிறது. வாங்கும்போது ஒரு இருக்கையை மாட்டிப் பார்த்தோம், நல்லது செய்தோம். இரண்டை மாட்டி நடுவில் ஒருவர் உட்கார்ந்தும் பார்த்திருக்க வேண்டும்.

சின்னவன் இன்னும் பின்னோக்கித்தான் உட்கார்கிறான். அவனுடைய இருக்கை பூஸ்டராக மாறும்வரை இந்தக் காரை விற்கும் எண்ணமில்லை. நீண்ட பயணத்துக்கு அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டு மனைவி பின்னால் நடுவில் உட்கார்கிறாள். இறங்கும்போது தோள் வலிக்கிறது என்கிறாள்.