நிலைமாறு புள்ளி உலர்த்தி: ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் ஆய்வகத்தில், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கவுள்ள திசுக்களை உருக்குலையாமல் உலர்த்த, கார்பன் டை ஆக்சைடால் இயங்கும் நிலைமாறு புள்ளி உலர்த்தியை (critical point dryer) ஈராண்டாகப் பயன்படுத்திவருகிறோம். திசுவை வெறும் காற்றில் உலரவிட்டால், ஆவியாகும் நீரின் பரப்பு இழுவிசை செல்களைச் சுருக்கிவிடும். எலியின் மூச்சுக்குழல் குறுயிழைகள் (செல்களின் மேல் நிற்கும் நுண்ணிய மயிர் போன்றவை), பரப்பைப் படம்பிடிக்கும் வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சடைபிடித்த முடிபோல் ஒட்டிக் கிடக்கும். இக்கருவியோ, எத்தனாலில் நீர்நீக்கிய திசுவுக்குள் திரவ கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, அதை 31 டிகிரி செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுசெல்வதால், திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான எல்லையே மறைந்து, இழுவிசைக்கு இடமின்றித் திசு உலர்ந்துவிடுகிறது. அதே குறுயிழைகள் நாற்றங்கால் பயிர்போல் தனித்தனியே நிமிர்ந்து நின்றதை முதன்முதலில் கண்ட நாளை மறக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. எத்தனால் சிறிது தங்கினாலும் மாதிரி சுருங்குகிறது. ஆகவே திரவ கார்பன் டை ஆக்சைடைப் பலமுறை மாற்ற வேண்டும், அரை நாள் அதிலேயே கழிகிறது. அழுத்தத்தை அவசரமாக வெளியேற்றியதால் ஒருமுறை மூன்று மாதிரிகளை இழந்தேன். திரவம் எடுக்கும் உட்குழாய் உள்ள சிலிண்டரையே கேட்டு வாங்க வேண்டும். கடினமான மேலோடுள்ள பூச்சிகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன் என்ற, ஆவியாகி மாதிரியை உலர்த்தும் திரவம் பெரும்பாலும் போதும், ஆனால் அதை ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் கையாள வேண்டும். மென்திசுக்களை ஆராய்பவர்கள் விலையைப் பார்த்துத் தயங்காமல் இந்த உலர்த்தியை வாங்கலாம்.