ரேடான் மறுசோதனை: நாள்காட்டியைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா?

போன தை மாதம் ஆச்சி காரைக்குடிக்கு வந்திருந்தார். எங்கள் வழக்கில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடியிருப்பது பென்சில்வேனியாவில். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், உட்கார்ந்து பணியாரம் சாப்பிட்டபடியே போனில் ஒரு பழைய தாளைக் காட்டினார். 2019-இல் வீடு வாங்கும்போது எடுத்த ரேடான் சோதனையின் முடிவு. 2.9 என்று இருந்தது.

"அஞ்சு வருசம் தாண்டிருச்சு தம்பி, மறுபடி பார்க்கணும்ங்கிறாக. அதான் ஒண்ணும் இல்லைன்னு வந்திருச்சே, எதுக்கு இன்னொரு தடவை?"

ஒன்றும் இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. ரேடான் நிறமோ மணமோ இல்லாத கதிரியக்க வாயு. மண்ணிலும் பாறையிலும் இருக்கிற யுரேனியம் சிதைந்து சிதைந்து வழியில் உண்டாவது. தரை விரிசல், குழாய் நுழையும் சந்து என்று எதன் வழியாகவும் வீட்டுக்குள் ஏறும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் இதுதான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்று அந்த நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. ஒரு லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு; ஆச்சியின் 2.9-ம் இதில்தான்) வந்தால் வீட்டைச் சரிசெய் என்கிறது அதே முகமை. 2-க்கும் 4-க்கும் நடுவே இருந்தாலும் யோசி என்கிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு ஒரு கனமீட்டருக்கு 100 பெக்கரல், இது இன்னொரு அலகு. ஆச்சி வீட்டின் 2.9 அந்தக் கணக்கில் 107. அமெரிக்கக் கோட்டுக்குக் கீழே, உலகக் கோட்டுக்கு மேலே.

சரி, மறுசோதனை எப்போது? இதில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று நாள்காட்டிக் கட்சி: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடு, வேறு எதையும் யோசிக்காதே. அங்குள்ள ரேடான் தொழில் வல்லுநர்களின் தரநெறி சொல்லும் கெடுவும் இதுதான். நினைவில் வைக்க எளிது. கார் இன்சூரன்ஸ் மாதிரி.

மற்றது மாற்றக் கட்சி. வீட்டில் ஏதாவது மாறினால் பார். புது அறை சேர்த்தால், அஸ்திவாரத்தில் கைவைத்தால், சூடாக்கியோ ஏசியோ மாற்றினால், காற்று புகாதபடி சன்னல்களை இறுக்கினால், அதுவரை புழங்காத கீழ்த்தளத்தில் ஆள் படுக்க ஆரம்பித்தால். பக்கத்தில் வெடி வைத்துப் பாறை உடைத்தாலும் நிலநடுக்கம் வந்தாலும்கூட.

நான் இரண்டாவது கட்சிதான். ரேடானுக்கு அரை ஆயுள் 3.8 நாள், அதாவது அதற்குள் பாதி சிதைந்துபோகும். இன்று வீட்டில் இருப்பது போன வருடத்து ரேடான் இல்லை, இந்த வாரம் மண்ணிலிருந்து ஏறியது. ஏறும் வழியும் வெளியேறும் வழியும் மாறினால் எண்ணும் மாறும். ஆச்சியிடம் கேட்டேன்: "2019-க்கு அப்புறம் வீட்டில் என்ன செய்தீர்கள்?" கீழ்த்தளத்தைத் தடுத்துப் பையனுக்குப் படுக்கையறை ஆக்கியிருக்கிறார்கள். எந்த வருடம்? 2022. அந்த வருடமே பார்த்திருக்க வேண்டும். நாள்காட்டியை நம்பியதால் பையன் ரெண்டு வருடத்துக்கு மேலாக அளக்காத அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

ஆனால் ஓர் இடத்தில் மாற்றக் கட்சி தோற்றுப்போகும். ஏற்கெனவே ரேடான் கூடுதல் என்று தெரிந்து, தரைக்கடியில் இருந்து காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேல் தள்ளும் குழாயும் விசிறியும் பொருத்திய வீடு. ஆச்சியின் மகள் வாங்கியிருப்பது அப்படி ஒரு வீடு. அதன் கீழ்த்தளப் படத்தையும் காட்டினார். குழாயில் 'ப' எழுத்துப்போல் வளைந்த ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே சிவப்பு எண்ணெய், இரண்டு பக்கமும் ஒரே மட்டம்.

"பாரு, மட்டம் எவ்வளவு சரியா இருக்கு!"

நம் கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றால்தான் வேலை சுத்தம். இங்கே நேர்மாறு. விசிறி இழுத்தால் ஒரு பக்கம் ஏறி நிற்க வேண்டும். சமமாக நின்றால் இழுப்பு இல்லை என்று அர்த்தம். அன்று இரவே மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். விசிறி எப்போது நின்றதோ, யாருக்கும் தெரியவில்லை. இப்படிச் சத்தமில்லாமல் மாற்றம் நடக்கிற வீட்டுக்குத்தான் நாள்காட்டி வேண்டும். விசிறி போட்ட வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொல்கிறது அமெரிக்க முகமை. அதில் பேரம் வேண்டாம்.

எதை வைத்துச் சோதிப்பது என்பதில் இன்னொரு போட்டி. ரேடானைப் பிடித்துவைக்கும் கரி நிரப்பிய டப்பா மலிவு, வேகம். மூடியைத் திறந்து இரண்டு நாள் முதல் ஒரு வாரம் வைத்து, மூடி ஒட்டி, உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மேசையில் மறந்துவிட்டு எட்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தால் பிடித்த ரேடானில் கால்வாசிகூட மிஞ்சாது. சோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே கதவு சன்னல்களைச் சாத்தி வைக்க வேண்டும். இன்னொன்று, தொண்ணூறு நாளுக்கு மேல் வைக்கும் பிளாஸ்டிக் துண்டு. ரேடான் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் படும் இடமெல்லாம் அதில் தழும்பு விழும். காரக் கரைசலில் போட்டெடுத்து எண்ணுவார்கள். நம் நாட்டு ஆய்வாளர்கள் வீடுகளில் மாதக்கணக்கில் தொங்கவிடும் எல்ஆர்-115 படலமும் இந்த இனம்தான். ரேடான் பகலுக்கும் இரவுக்குமே மாறும். குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடும் மாதங்களில் சூடான காற்று மேலே போகப் போக மண்வாயு கீழிருந்து இழுபடும். அதனால் வருடம் முழுக்க வைத்த துண்டு சொல்வதைத்தான் நான் நம்புவேன். எப்போதும் ஓடும் டிஜிட்டல் கருவியும் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் மணிக்கு மணி எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் வாங்க வேண்டாம். ஆச்சி அந்த ரகம்.

"அப்ப நம்ம வீட்டுக்கு?" என்றார்.

வளவு திறந்து கிடக்கிறது. தரைமட்டம் தெருவிலிருந்து நாலைந்து படி உயரம். முகப்பில் நுழைந்த காற்று ரெண்டாங்கட்டு வழியாகப் போகிறது. இப்படிப்பட்ட வீட்டில் ரேடான் தங்குவது கடினம். பூட்டியே கிடக்கும் பங்காளி வீட்டைக் கல்யாணத்துக்குத் திறந்த அன்றே டப்பா வைத்தால் எண் எகிறலாம். ஆனால் அந்தக் காற்றை யாரும் சுவாசிக்கவில்லையே. கருங்கல் தூணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பெரும்பாலும் கல்லைவிட அடியில் உள்ள மண்தான் காரணம். யோசிக்க வேண்டியது ஓர் அறையைத்தான். போன வருடம் வளவை ஒட்டிய அறைக்கு ஏசி போட்டபோது மேல்சன்னலைச் சிமெண்டால் அடைத்து, ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த மூலையை அப்படியே விட்டுவிட்டோம். மாற்றக் கட்சிக்காரன் வீட்டிலேயே இரண்டு மாற்றம், ஒரு சோதனையும் இல்லை.

ஊருக்குப் போனதும் ஹீட்டர் ஓடும்போதே கீழ்த்தளத்தில், பையன் படுக்கும் உயரத்தில் கரி டப்பா. அது முடிந்ததும் ஒரு வருடத்துக்குப் பிளாஸ்டிக் துண்டு என்று ஆச்சி எழுதிக்கொண்டார். அடுத்த முறை வரும்போது எனக்கும் ஒரு துண்டு கொண்டுவருவதாகச் சொன்னார். அதுவரை சும்மா இருப்பானேன் என்று மேல்சன்னலை உடைக்கக் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

"குளிரு வெளிய போயிருமேண்ணே?" என்றார்.

"ராத்திரிக்கு ஒரு பலகை வச்சுக்கலாம். உடைங்க."