38,500 ரூவா போச்சு, பழைய லென்ஸ் ஆப்ல வாங்கப் போறவங்க இத படிச்சுட்டு வாங்குங்க

கோவத்துல தான் எழுதறேன், வார்த்த முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. லென்ஸ் வாங்குன ஆப்லேர்ந்து நேத்து சாயங்காலம் மெயில் வந்துச்சு, உங்க புகார் முடிக்கப்பட்டதுன்னு. யார கேட்டு முடிச்சாங்க? என் 38,500 ரூவா எங்க?

ஊர் ஊரா சுத்தி எடுக்க கேமரா கிட் எப்படி சேக்குறதுன்னு கேட்டவங்களுக்கு விலாவாரியா எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இப்ப அதுக்கு மனசு இல்ல, முதல்ல நடந்தத சொல்லிடறேன்.

நமக்கு கும்பகோணம். உரக்கடைல கணக்கு பாக்குறேன், ஞாயித்துக்கிழம ஆனா பைக்க எடுத்துக்கிட்டு தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், தரங்கம்பாடி கோட்டை, மார்கழி தைல கோடியக்கரைன்னு கிளம்பிடுவேன். ஆறு வருஷமா இதான். கைல இருந்தது நிக்கான் டி5300, 18-140 எம்எம் ஜூம் லென்ஸ் ஒண்ணு, 35 எம்எம் லென்ஸ் ஒண்ணு. 18-140 நல்ல லென்ஸ் தான், ஆனா தாராசுரம் மண்டபத்துக்குள்ள போனா வெளிச்சம் பத்தாது, தொல்லியல் துறை கோயில்ல அனுமதி வாங்காம ட்ரைபாட் வைக்க விட மாட்டாங்க, ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த உணர்ற அளவ, ஏத்துனா தூண்ல இருக்குற குட்டி குட்டி சிற்பமெல்லாம் மண்ண பூசுன மாதிரி ஆயிடும். அந்தத் தேர் மண்டபத்த சக்கரம், குதிரையோட முழுசா பிடிக்கணும்னா 18 எம்எம் அகலம் கொஞ்சம் பத்தாது, பின்னால நகர எடமும் இல்ல. அதனால நிக்கானோட 16-80 லென்ஸ் மேல ரொம்ப நாளா கண்ணு. எஃப் 2.8ல ஆரம்பிக்குது, அதாவது வெளிச்சத்த நெறைய உள்ள விடும், கை ஆட்டத்த சமாளிக்க விஆர் இருக்கு, எடை 480 கிராம் தான், ஒரே லென்ஸோட நாள் பூரா சுத்திட்டு வந்துடலாம். புதுசு வாங்க நமக்கு கட்டுப்படியாகாது.

பழைய கேமரா சாமான வாங்கி, செக் பண்ணி விக்கிற ஆப் ஒண்ணுல இந்த லென்ஸ பாத்தேன். 'புதுசு மாதிரி'ன்னு கிரேடு, எங்க டெக்னீஷியன் பாத்தாச்சுன்னு ஒரு பச்ச டிக்கு, விலை 40,000. முழுப் பணத்தையும் முன்னாடியே யுபிஐல போட்டா 1,500 கம்மி. நான் உடனே போடல, ரெண்டு நாள் யோசிச்சேன். அப்ப தான் அவங்க ஆள் ஒருத்தர் போன் பண்ணாரு. இந்த எடத்த தான் கவனிக்கணும். "எந்த ஊருண்ணா?"ன்னாரு, கும்பகோணம்னேன், "அட, எங்க அம்மா ஊரு திருவையாறுண்ணா"ன்னாரு. அதுக்கப்புறம் லென்ஸ் பேச்சே இல்ல, காவேரில தண்ணி வந்துடுச்சாண்ணா, கல்லணை தொறந்துட்டாங்களாண்ணா, சின்ன வயசுல புஷ்ய மண்டபத் துறைல குளிச்சிருக்கேண்ணான்னு பத்து நிமிஷம். கடைசில நான் தான் கேட்டேன், உள்ள பூஞ்சை கீஞ்சை இருக்காதே தம்பின்னு. "அண்ணா, நம்ம ஊர்க்காரருக்கு போய் அப்படி ஒரு பொருள அனுப்புவேனா, நானே கைல எடுத்து பாத்தேன்"னாரு. அந்த வார்த்தைல தான் விழுந்தேன். சீட்டு எடுத்த 30,000, என் 18-140ஐ ஒரு தம்பிக்கு வித்த 8,500, ரெண்டையும் சேத்து 38,500 ரூவாய அன்னிக்கு ராத்திரியே அனுப்பிட்டேன்.

ஆடி 8ம் தேதி பார்சல் வந்துச்சு. வெளில ஒரு கீறல் கிடையாது. மொட்ட மாடில நின்னு நாலு படம் எடுத்தேன், துல்லியமா இருந்துச்சு. கடைல சரக்கு வர்ற நேரம், குறுவைக்கு யூரியா கேட்டு கூட்டம், அந்த வாரம் பூரா வேற எங்கயும் எடுத்துட்டு போக முடியல. ரிட்டர்ன் ஏழு நாள். அது ஆடி 15ஓட முடிஞ்சு போச்சு.

ஆடி 18. எங்க அக்கா பொண்ணுக்கு தல ஆடி, பகவத் படித்துறைல தாலி பிரிச்சு கோக்குறாங்க, "மாமா நீங்க தான் எடுக்கணும், வேற போட்டோகிராபர் வேணாம்"னு ஒரு மாசமா சொல்லிக்கிட்டிருந்துச்சு. காலைல அஞ்சரைக்கே போயாச்சு. தண்ணி ரெண்டு கரையும் தொட்டு ஓடுது, சூரியன் கிழக்க ஆத்துக்கு மேலயே எழும்புது, படி பூரா வெளக்கு, காப்பரிசி, காதோலை கருகமணி, சின்னப் பசங்க சப்பரத்த இழுத்துக்கிட்டு ஓடுறானுங்க, இத விட என்ன வேணும் ஒரு போட்டோக்காரனுக்கு. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டு பாத்தா சூரியன் பக்கம் பாத்து எடுத்த அத்தன படமும் பால ஊத்துன மாதிரி. முகத்துல ஒரு கருமை இல்ல, பொடவைல கலர் இல்ல. அந்தப் புள்ள மஞ்சக்கயிறு கட்டிக்கிட்டு நிமிந்து சிரிக்கிற படம் மொத்தமா வெளுத்து கெடக்கு.

மறுநா தஞ்சாவூர்ல கேமரா சர்வீஸ் பண்ற ஒரு பெரியவர் கிட்ட கொண்டு போனேன். பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சு என்னையே பாக்க சொன்னாரு. நடு கிளாஸ்ல சிலந்தி வல மாதிரி பூஞ்சை, ஒரு பக்கம் ஓரத்துலேர்ந்து பாதி வரைக்கும். சாதாரண வெளிச்சத்துல எடுத்தா இது படத்துல தெரியாதாம், உள்ள இருக்குறதால போகஸ்ல வராது, வெளிச்சம் நேரா லென்ஸ்ல விழும்போது தான் செதறி படத்த வெளுக்க வைக்கும். மொட்ட மாடில அதான் தெரியாம போச்சு. ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சிருக்கு, யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. "தம்பி, இது பத்து நாள்ல வந்த பூஞ்சை இல்ல, ரெண்டு மழக்காலமாவது பாத்திருக்கும். கிளாஸ் மேல இருக்குற கோட்டிங்க தின்னுடுச்சு, தொடச்சாலும் தடம் போகாது"ன்னாரு. அங்க உக்காந்து தான் பில்ல எடுத்து பாத்தேன். பில்லுல இருக்குற சீரியல் நம்பர் வேற, லென்ஸ் மேல இருக்குறது வேற. முதல் நாளே அத நான் பாத்திருக்கணும்.

திருவையாறு தம்பி அன்னிலேர்ந்து போன எடுக்கல. ஆப்ல சாட் பண்ணா முதல்ல ஏழு நாள் தாண்டிடுச்சுன்னாங்க. பெரியவர் எடுத்துக் குடுத்த போட்டோவ அனுப்புனேன். அதுக்கு ஒரு அம்மா போன் பண்ணி, "சார், உங்க பக்கம் காத்துல ஈரம் ஜாஸ்தி, நீங்க வச்சிருந்த எடத்துல வந்திருக்கும்"ங்கறாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. டெல்டாக்காரனுக்கு ஈரத்த பத்தி சொல்லித் தரணுமா? ஆறு வருஷமா காத்து போகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு, உள்ள ஈரமானி வச்சு, 45 சதவீதத்துலயே வச்சிருக்கேன். அதே டப்பால இருக்குற என் 35 எம்எம்ல ஒரு பொட்டு பூஞ்சை கிடையாது. அதையும் போட்டோ எடுத்து அனுப்புனேன், பதில் இல்ல. சீரியல் நம்பர கேட்டா சிஸ்டம்ல தப்பா ஏறியிருக்கும்ங்கறாங்க. ஒவ்வொரு தடவையும் வேற ஆளு, முதல்லேர்ந்து கத சொல்லணும். கடைசியா 2,000 ரூவாக்கு கூப்பன் தர்றோம், அடுத்த தடவ வாங்கும்போது கழிச்சுக்கோங்கன்னாங்க. 38,500 ரூவா போன ஆளுக்கு கூப்பன். வேணாம்னு எழுதுன மறுநாள் தான் அந்த முடிக்கப்பட்டது மெயில்.

சரி, வாங்கறவங்க இத மட்டும் பண்ணுங்க. பார்சல பிரிக்கும்போதே வீடியோ எடுங்க, சீரியல் நம்பரும் பில்லும் ஒரே படத்துல தெரியணும். அன்னிக்கே செல்போன் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, அன்னிக்கே வெளிச்சத்துக்கு எதிரா பத்து படம் எடுங்க, வேல இருக்குன்னு தள்ளிப் போடாதீங்க. ஊர்ப்பேர சொல்லி ஒறவு கொண்டாடுறவன்கிட்ட பணம் போட்டுடாதீங்க. முடிஞ்சா நேர்ல போய் பாத்து வாங்குங்க. பழைய லென்ஸ முன்னாடியே வித்துடாதீங்க.

நான் நாளைக்கு 1915க்கு போன் பண்ணி பதிவு பண்றேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுலயும் ஆகலன்னா தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துல கேஸ். 2019 சட்டப்படி நாம இருக்குற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பெரியவர் எழுதிக் குடுத்தது, சீரியல் நம்பர் ரெண்டு, சாட் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சுட்டேன்.

லென்ஸ தனியா ஒரு டப்பால போட்டு வச்சிருக்கேன், 35 எம்எம் பக்கத்துல அத வைக்க முடியாது. அக்கா பொண்ணு காலைல கூட மெசேஜ் போட்டிருக்கு, மாமா போட்டோ எப்ப அனுப்புவீங்கன்னு. இன்னும் பதில் போடல.